அக்கா, ரெக்கார்டர்ல 'கொர்ர்'னு ஒரு சத்தம்

"அக்கா, ரெக்கார்டர் போயிருச்சு போல. சத்தமே சரியா விழ மாட்டேங்குது."

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி வரும், கூடவே ஒரு ஆடியோ. ஒப்பாரி, தாலாட்டு, நடவுப்பாட்டு, குலசாமி கதை என்று எதையாவது பதிவு செய்துகொண்டு அலைகிற பிள்ளைகள் மதுரையைச் சுற்றி இப்போது நிறையப் பேர். எம்.ஏ. ஆய்வேட்டுக்காக அலைகிறவர்கள், யூடியூப் வைத்திருப்பவர்கள், அம்மாச்சி குரலைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெங்களூரிலிருந்து லீவு போட்டு வருகிறவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். லீவு நாளில் பாட்டுக்காரக் கிழவிகளைத் தேடிப் போகிறவள். என் தாய்மாமா வாடிப்பட்டிப் பக்கம் மைக்செட் வைத்திருந்தார். இது ரெண்டும் தெரிந்தவர்கள் என் நம்பரைத்தான் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன மாதிரிச் சத்தம்? வாயால போட்டுக் காட்டு."

சிரிப்பார்கள். ஆனால் இதைவிடச் சீக்கிரமான வழி எனக்குத் தெரியவில்லை. 'ஸ்ஸ்ஸ்' என்றால் ஒரு கோளாறு, 'ம்ம்ம்' என்றால் வேறு. 'டிக் டிடிக் டிடிக்' என்றால் அது ரெக்கார்டரே இல்லை. 'டொப் டொப்' என்றால் கை அல்லது காற்று. வார்த்தையின் உச்சியில் மட்டும் 'கர்ர்' என்று கிழிந்தால் லெவல், அதாவது சத்தம் அளவுக்கு மீறி விழுகிறது. 'இரைச்சலா இருக்குக்கா' என்று மட்டும் சொன்னால் நான் அங்கிருந்து என்ன செய்ய முடியும்?

மாமாவின் முறை ரொம்பச் சாதாரணமானது. திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தால் ஊரே ஆளுக்கொரு யோசனை சொல்லும். அவர் யாருக்கும் பதில் சொல்ல மாட்டார். வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். "கோளாறு எங்கிட்டு இருக்குன்னு தேடாதத்தா. எங்கிட்டு இல்லேன்னு ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வா. கடைசில நிக்கிறது அதுதான்" என்பார். கையடக்க ரெக்கார்டருக்கும் இதே முறைதான். வெளி மைக்கைப் பிடுங்கி, உள் மைக்கில் ஒரு நிமிடம் பதியுங்கள். சத்தம் போய்விட்டால் மைக்கோ வயரோ காரணம். போகவில்லையா, சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட விடுங்கள். அப்புறம் பக்கத்தில் இருக்கும் செல்போன். அப்புறம் அறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாயிருச்சுக்கா" என்கிறவர்கள் அடுத்த வாரம் மறுபடி போன் செய்வார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் பதிவான கோப்பை வேறொரு ஹெட்போனில் கேட்டுவிடுங்கள். ஹெட்போன் பின் பாதி செருகியிருந்தாலே ஒரு காதில் மட்டும்தான் கேட்கும். அதற்காக ரெக்கார்டரைக் கழற்றிப் பார்த்த பையன் ஒருவனை எனக்குத் தெரியும்.

முதலில் 'ம்ம்ம்'. இதுதான் நம் ஊர் வீடுகளில் அதிகம்.

நம் கரண்டு ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைந்து திரும்புகிறது. அதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறார்கள். அதனால் கரண்டிலிருந்து ஒட்டிக்கொள்ளும் உறுமல் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸிலும் உட்கார்ந்திருக்கும். செக்கானூரணிப் பக்கம் ஒரு வீட்டில் ஒப்பாரி பதிவு செய்யப் போயிருந்த ஆய்வு மாணவி எனக்கு அனுப்பிய ஆடியோவில், அப்பத்தாவின் குரலுக்குக் கீழே இந்த உறுமல் பாய் விரித்தாற்போல் கிடந்தது. "சார்ஜ் போட்டுக்கிட்டே ரெக்கார்டு பண்ணியா?" என்று கேட்டேன். ஆமாம், செல்போன் சார்ஜரில் செருகியிருக்கிறாள். பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயம். நடுவில் கரண்டு போய் இன்வெர்ட்டர் வேலை செய்ய ஆரம்பித்ததும் 'ம்ம்ம்' என்பது 'ஜ்ர்ர்ர்' என்று மாறியிருந்தது. விலை மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது வழுவழுப்பான அலை அல்ல, சதுர அலை. அதில் ஓடும் ஃபேனே முனகும். அதன் சார்ஜரில் தொங்கும் ரெக்கார்டர் முனகாதா?

சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட விட்டால் இதில் பெரும்பகுதி போய்விடும். லேப்டாப்போடு யூஎஸ்பி வயரில் இணைத்துப் பதிவு செய்கிறவர்களுக்கும் இதே பதில்தான்: லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

அதற்கப்புறமும் மிச்சம் இருந்தால் அது பெரும்பாலும் வயர் வழியாக வரவில்லை, காற்று வழியாகவே வருகிறது. நிஜமாகவே வீட்டுக்குள் இருக்கிற சத்தம். ஃபேன் ரெகுலேட்டரைக் கவனியுங்கள். வட்டமாகத் திருகும் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை நடு வேகத்தில் வைத்தால் ஃபேன் மோட்டாரே 'ர்ர்ர்' என்று பாடும். முழு வேகத்தில் வைத்தால் அது அடங்கும், ஆனால் காற்றுச் சத்தம் கூடும். ஆகவே ஃபேனை நிறுத்திவிடுவது உத்தமம். சித்திரை, வைகாசியில் இதைச் சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும். நான் காலை ஆறு மணிக்குப் போய்விடுவேன். வெயில் ஏறுவதற்குள் பாட்டு முடிந்துவிடும், மில்லும் மோட்டாரும் ஓட ஆரம்பித்திருக்காது.

அடுத்தது ஃப்ரிட்ஜ். அது ஓடிக்கொண்டிருக்கும்போது நம் காது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மைக் எடுத்துக்கொள்ளும். நிறுத்தச் சொன்னால் வீட்டுக்காரர்கள் நிறுத்துவார்கள், ஆனால் திரும்பப் போட மறந்தால் நம் பெயர் கெட்டுவிடும். "ஏத்தா, பாலு திரிஞ்சு போகுமேத்தா" என்று ஒரு ஆத்தா கவலைப்பட்டார். என் வழக்கம் என்னவென்றால், ஃப்ரிட்ஜை நிறுத்தியதும் ஸ்கூட்டி சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். சாவி இல்லாமல் வீட்டுக்குக் கிளம்ப முடியாதல்லவா.

ஏற்கெனவே பதிவான உறுமலைச் சுத்தம் செய்யலாமா என்று கேட்பீர்கள். 50 ஹெர்ட்ஸ் மட்டும் என்றால் எளிது. பெண் குரலின் அடிச்சுருதி பெரும்பாலும் 165 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் இருக்கும் என்பதால், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் குரலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 150, 200, 250 என்று மேலே ஏறியிருக்கிற மடங்குகளை வெட்டப் போனால் குரலின் சதையும் சேர்ந்து வரும். கொஞ்சம் உறுமலோடு இருக்கும் நிஜக் குரல், எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து ரோபோ மாதிரி ஆக்கிய குரலைவிட மேல் என்பது என் கட்சி.

'டிக் டிடிக் டிடிக்' பற்றிச் சொன்னேன் இல்லையா. போன் வருவதற்கு ஒரு நொடி முன்னால் பழைய ரேடியோ பெட்டியில் கேட்குமே, அதே சத்தம். 2ஜி போன் டவரோடு பேசும்போது தொடர்ந்து பேசுவதில்லை, விட்டு விட்டுத் துடிக்கிறது. ஒரு நொடிக்குச் சுமார் 217 துடிப்பு. அந்தத் துடிப்பை மைக் வயர் ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். 217 ஹெர்ட்ஸ் சரியாகப் பெண் குரல் நடமாடுகிற இடம், எனவே பின்னால் வெட்டி எடுக்க வழியே இல்லை. 4ஜி போன்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் நாம் பதிவு செய்யப் போகும் கிழவிகளிடம் இருப்பது பட்டன் போன்.

நம் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுகிறோம். அப்பத்தாவின் போன் எங்கே இருக்கிறது? இடுப்பில் செருகிய சுருக்குப்பையில், வெற்றிலைக்கும் கொட்டைப்பாக்குக்கும் நடுவில். சேலையில் குத்திய காலர் மைக்கின் வயர் அந்தச் சுருக்குப்பையைத் தொட்டுக்கொண்டுதான் கீழே இறங்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது பேரன் துபாயிலிருந்து கூப்பிடுவான். "அப்பத்தா, போனை அங்கிட்டு வச்சுருவமா?" என்று முதலிலேயே கேட்டு வாங்கி, அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். அணைத்துவிடாதீர்கள். அந்தப் போன் அணைந்திருந்தால் பேரன் பயந்து பக்கத்து வீட்டுக்குப் போன் செய்வான், பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருவார்.

'ஸ்ஸ்ஸ்' என்பது வேறு கதை. எல்லா ரெக்கார்டரிலும் மைக் சத்தத்தைப் பெருக்கும் ஒரு சுற்று இருக்கிறது. அதற்கென்று சொந்தமாக ஒரு மெல்லிய சீறல் உண்டு. கெயினை, அதாவது அந்தப் பெருக்கும் அளவை, ஏற்ற ஏற்ற அந்தச் சீறலும் ஏறும். கெயினை ஏன் ஏற்றுகிறோம்? தூரமாக உட்கார்ந்திருக்கிறோம், அதனால். பெரியவர்கள் முகத்துக்கு நேரே ஒரு மெஷினை நீட்டுவது மரியாதை இல்லை என்று நாலடி தள்ளி ஸ்டூலில் வைத்துவிடுகிறோம். தூரம் பாதியாகக் குறைந்தால் சத்தம் 6 டெசிபல் கூடும். நாலடியிலிருந்து ஓரடிக்கு வந்தால் 12 டெசிபல், அதாவது மைக்குக்குக் கிடைக்கும் அழுத்தம் நாலு மடங்கு. வேறு மெஷினுக்குப் பணம் சேர்க்க வேண்டாம், பாயை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். வாய்க்கு நேரே இல்லாமல், மோவாய்க்குக் கொஞ்சம் கீழே, சற்றே பக்கவாட்டில் வைத்தால் 'ப', 'ப்ப' சொல்லும்போது வரும் மூச்சு மைக்கில் மோதாது. பல் இல்லாத வாய்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

கிட்டே போனால் எதிரொலியும் குறையும். டைல்ஸ் ஒட்டி, புது பெயிண்ட் அடித்த ஹாலில் பேசினால் கிணற்றுக்குள் பேசுகிற மாதிரித்தான் விழும். அதை ரெக்கார்டர் கோளாறு என்று எனக்கு அனுப்பாதீர்கள். நெல் மூட்டை அடுக்கிய அறை, துணி தொங்கும் அறை, ஓட்டு வீட்டுத் திண்ணை, இவை எல்லாம் நல்ல இடங்கள். ஒன்றும் இல்லையென்றால் கொடியில் ரெண்டு போர்வையைத் தொங்க விடுங்கள். ரெக்கார்டரை எவர்சில்வர் குடத்தின் மீதும் தகரப் பெட்டியின் மீதும் வைக்காதீர்கள். கயிற்றுக் கட்டிலில் மடித்த துண்டின் மேல் வைத்தால் தரையிலிருந்து வரும் அதிர்வு ஏறாது. கையில் பிடித்துக்கொண்டே பதிவு செய்கிறவர்களுக்குத்தான் அந்த 'டொப் டொப்' வருகிறது. விரல் நகர்வதெல்லாம் இடி மாதிரி விழும்.

சீறலின் அண்ணன் ஒருவன் இருக்கிறான்: ஆட்டோ லெவல். பெட்டியைப் பிரித்ததும் பல ரெக்கார்டர்களில் அது போட்டபடியேதான் வருகிறது. பேசும்போது சத்தத்தை இறக்கும், பேச்சு நின்றதும் "யாரும் பேசலையே" என்று கெயினை ஏற்றும். ஒப்பாரியில் ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு மூச்சை இழுக்கும் இடம் இருக்கிறதே, அந்த இடத்தில் தெருவில் போகும் மினி பஸ்ஸும் காக்காயும் குபீரென்று மேலே எழும்பி வரும். அடுத்த வரி தொடங்கியதும் தலை கவிழும். அழுகையின் ஏற்ற இறக்கத்தையே அது தட்டையாக்கிவிடும். மெனுவில் போய் முதலில் அதை அணையுங்கள். உரக்கப் பாடச் சொல்லி, மீட்டரில் உச்சம் -12 டெசிபலைத் தொடும்படி கையால் லெவல் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். 24 பிட் என்ற நுணுக்கமான முறையில் பதிவு செய்தால் சத்தம் கொஞ்சம் குறைவாக விழுந்தாலும் பின்னால் தூக்கிக்கொள்ளலாம். கிழிந்ததைத்தான் தைக்க முடியாது.

கிழிவது என்றதும் வாடிப்பட்டி மேளம் ஞாபகத்துக்கு வருகிறது. தப்பும் மேளமும் ஒன்றாக முழங்குகிற இடத்தில் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்குப் போவார்கள். மீட்டரில் சிவப்பு எரியவில்லை, ஆனாலும் சத்தம் கிழிந்திருக்கிறது, ஏன் என்று கேட்பார்கள். சத்தம் ரெண்டு இடத்தில் கிழியலாம். ஒன்று, கெயின் கூடிப்போய் அலையின் உச்சி மழுங்கும். அது மீட்டரில் தெரியும். இன்னொன்று, மைக்கின் தகடே தாங்க மாட்டாமல் திணறுவது. அதற்குப் பிறகு நீங்கள் கெயினை எவ்வளவு இறக்கினாலும் கிழிந்த சத்தம்தான் மெல்லமாக விழும். இதற்கு மருந்து தூரம் மட்டுமே. இருபதடி பின்னால் போங்கள்.  இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று ஒரு பதிவு முறையை விளம்பரம் செய்கிறார்கள், ஜூம் நிறுவனத்தின் எச்1 எசென்ஷியல் மாதிரிச் சின்ன மெஷின்களுக்கும் 2024இல் அது வந்துவிட்டது. லெவல் வைக்கவே தேவையில்லை என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் தகடு திணறுவதை அதுவும் தடுக்காது, காற்றையும் தடுக்காது.

காற்று. 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்பார்கள், மைக் எந்த மூலைக்கு? கீழக்குயில்குடி சமணர் மலை மேல் நின்று ஆடி மாதம் பேசினால் பேச்சே விழாது, 'புர்ர் புர்ர்' மட்டும்தான். ரெக்கார்டரோடு வரும் ஸ்பாஞ்சு உறை வாய் மூச்சுக்குத்தான் போதும், வெளிக் காற்றுக்குப் போதாது. முடி வைத்த உறை வாங்குங்கள். அந்த முடிகள் காற்றின் வேகத்தைத் தகட்டுக்கு வரும் முன்பே உடைத்துவிடும். அடிச்சத்தத்தை வெட்டும் லோ கட் என்ற பொத்தானை நம்பி உறையில்லாமல் போகாதீர்கள். தகடே திணறிய பிறகு வடிகட்டி என்ன செய்யும்? உறை இல்லாத நாளில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ரெக்கார்டரை உங்கள் நெஞ்சுக்கும் பேசுகிறவருக்கும் இடையில் மறைத்துக்கொள்வதுதான் வழி.

இப்போது எனக்குப் பிடித்த கோளாறுக்கு வருகிறேன்.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழாவில் பட்டிமன்றம். ஒரு தம்பி மைக்செட்காரரிடம் நயமாகப் பேசி, எல்லா மைக்கின் சத்தத்தையும் கலக்கும் மிக்சரிலிருந்து நேரடியாக வயர் போட்டு ரெக்கார்டரில் பிடித்திருந்தான். கெட்டிக்காரத்தனம்தான். கூட்டத்தின் இரைச்சல் இல்லாமல் பேச்சு மட்டும் கிடைக்கும். அவன் ஹெட்போனில் கேட்டபோது எல்லாம் நன்றாகவே இருந்ததாம். எனக்கு அனுப்பினான். என் போன் ஸ்பீக்கரில் போட்டேன், ஊமை! பேச்சைக் காணோம். ஹெட்போன் மாட்டினால் நடுவர் கணீரென்று பேசுகிறார். ஆனால் குரல் மண்டைக்கு நடுவில் நிற்காமல் ரெண்டு காதுக்கும் வெளியே பிளந்துபோய், ஒரு மாதிரி குமட்டுகிறாற்போல்.

"வயர் எங்க வாங்கின?" என்று கேட்டேன். ஒரு பக்கம் மைக்செட்டில் வரும் மூன்று பின் வட்ட இணைப்பான எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ பின் வைத்த ரெடிமேட் வயர். அங்கேதான் வினை. மிக்சரின் எக்ஸ்எல்ஆர் வாயில் மூன்று பின்களில் 1 எர்த், 2இல் சத்தம் வருகிறது, 3இல் அதே சத்தம் தலைகீழாக வருகிறது. நீளமான வயரில் வழியில் ஒட்டும் உறுமலைக் கழிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த வயர் 2ஐ இடது காதுக்கும் 3ஐ வலது காதுக்கும் கொண்டுபோய்விட்டது. இடதில் மேடு இருக்கும் இடத்தில் வலதில் பள்ளம். ஹெட்போனில் ரெண்டும் தனித்தனிக் காதுக்குப் போவதால் கேட்கிறது. ஒற்றை ஸ்பீக்கர் போன் ரெண்டையும் கூட்டுகிறது. மேட்டையும் பள்ளத்தையும் கூட்டினால் சமதரைதானே.

தம்பி கிட்டத்தட்ட அழுதுவிட்டான். அழத் தேவையே இல்லை. ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் கோப்பைத் திறந்து, ட்ராக் பெயரைத் தட்டினால் வரும் பட்டியலில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்து, ரெண்டில் ஒன்றை அழித்துவிட வேண்டும். ரெண்டிலும் இருப்பது ஒரே பேச்சுதான் என்பதால் எதுவும் இழப்பில்லை. முழுப் பட்டிமன்றமும் திரும்பக் கிடைத்தது. அடுத்த முறைக்கு, எக்ஸ்எல்ஆரின் 2ஆம் பின்னை, மறுமுனை ஸ்டீரியோ பின்னின் நுனிக்கும் நடு வளையத்துக்கும் சேர்த்துப் பற்றவைத்து, 1ஐ அடிப்பகுதிக்குக் கொடுத்து, 3ஐ இணைக்காமல் விட்ட வயர் ஒன்று செய்துகொள்ளச் சொன்னேன். பெரும்பாலான மிக்சருக்கு இது போதும். டவுன் ஹால் ரோடு பக்கம் சவுண்ட் சாமான் கடைகளில் சொன்னால் நின்ற இடத்திலேயே பற்றவைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

மிக்சரிலிருந்து எடுக்கும்போது இன்னொரு இடி: லெவல். மைக் தருவது மில்லிவோல்ட் கணக்கு. மிக்சர் தருவது ஒரு வோல்ட்டுக்கும் மேலே. அதை மைக் ஓட்டையில் செருகினால் கெயினைப் பூஜ்யத்துக்கு இறக்கினாலும் கிழியும். ரெக்கார்டரில் 'லைன்' என்ற வாய் அல்லது மெனு இருந்தால் அதற்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் பேட் வேண்டும், 20 முதல் 40 டெசிபல் வரை குறைக்கிற மாதிரி. பிளக்-இன் பவர் என்று மெனுவில் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். அது காலர் மைக்குக்குத் தீனி போடுவதற்காக வைத்தது, மிக்சருக்குத் தேவையில்லை.

காலர் மைக் வாங்குகிறவர்கள் பின்னைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். அதில் கறுப்பு வளையங்கள் எத்தனை? ரெண்டு என்றால் அது ரெக்கார்டருக்கும் கேமராவுக்கும் ஆனது. மூன்று என்றால் செல்போனுக்கு ஆனது. மூன்று வளையத்தை ரெக்கார்டரில் செருகினால் சத்தமே வராது, அல்லது ஈனஸ்வரத்தில் வரும். பின்னைப் பாதி வெளியே இழுத்தால் திடீரென்று கேட்கும். அதை வைத்துக்கொண்டு "ஜாக் லூசுக்கா" என்பார்கள். ஜாக்கில் ஒன்றுமில்லை. மாற்றிக் கொடுக்கும் சின்ன அடாப்டர் வாங்கினால் முடிந்தது.

விட்டு விட்டு விழுகிறது என்றால் பேட்டரியையும் கார்டையும் சந்தேகப்படுங்கள். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் மலிவுப் பேட்டரிக்கட்டையை ரெக்கார்டரில் போடாதீர்கள், வெளி மைக்குக்கு ரெக்கார்டரே மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் போட்டால் அது கண்ணெதிரே படுத்துவிடும். ரீசார்ஜ் கட்டைகள் 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்று மெனுவில் சொல்லாவிட்டால் பேட்டரி மீட்டர் பொய் சொல்லும். கார்டு விஷயத்தில் 128 ஜிபி என்று மேலே அச்சடித்து உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாத போலிகள் சந்தையில் உண்டு. புதுக் கார்டை லேப்டாப்பில் எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி மென்பொருளில் முழுக்க நிரப்பிச் சோதித்துவிட்டு, ரெக்கார்டருக்குள்ளேயே ஃபார்மட் செய்யுங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி சாப்பிடும். பல மெஷின்கள் 2 ஜிபியைத் தொட்டதும் தானாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும். மூன்று மணி நேரக் கூத்து ரெண்டு துண்டாக வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம், ஒட்டிக்கொள்ளலாம். பதற வேண்டியது, நிறுத்தும் பொத்தானை அழுத்தும் முன் பேட்டரி செத்து, கோப்பு 0 கேபி என்று காட்டும்போதுதான். அப்போதும் சத்தம் கார்டில் கிடக்கும், கோப்பின் நீளத்தையும் வகையையும் சொல்லும் தொடக்கக் குறிப்பு மட்டும்தான் சரியாக எழுதப்பட்டிருக்காது. அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் பதியாமல் எடுத்து வைத்துவிட்டு, மீட்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு தனிக் குறிப்பு. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிற பக்தர்கள் உங்கள் ரெக்கார்டருக்கு என்று தனி இரக்கம் காட்ட மாட்டார்கள். பாலிதீன் பையை மாட்டினால் அது சரசரக்கும். கூட்டத்துக்குள் போகாமல் யாராவது தெரிந்தவர் மாடியிலிருந்து பிடியுங்கள். நனைந்துவிட்டால் உடனே பேட்டரியைக் கழற்றி, ஃபேன் காற்றில் ஆற விடுங்கள், வெயிலில் வேண்டாம். நனையாவிட்டாலும் ஈரம் ஏறிய மைக் 'பொட்... பொட்...' என்று பொரியும். செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வையுங்கள். மூடி இறுக்கமான டப்பாவில் அதோடு ஓர் இரவு போட்டு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதெல்லாம் பார்த்தும் போகவில்லை என்றால், வயரைப் பின்னுக்குப் பக்கத்தில் மெல்ல மடித்து ஆட்டிக்கொண்டே ஹெட்போனில் கேளுங்கள். கரகரத்தால் வயர் உள்ளே முறிந்திருக்கிறது. வேறு நல்ல வயர் போட்டும் கரகரத்தால் அப்போதுதான் ஜாக்கைச் சந்தேகப்பட வேண்டும். போர்டோடு பற்றவைத்த இடம் விட்டுப்போயிருக்கும், செல்போன் ரிப்பேர் செய்கிற கையால் முடிகிற வேலைதான் அது. கொடுக்கும் முன் கார்டைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும்போது உங்கள் ஹெட்போனைக் கொண்டுபோய், கடையில் நின்றே ஒரு நிமிடம் பதிந்து, ரெண்டு காதிலும் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.